தெருவிலே கிடந்த கற்கள்: பண்டித ரமாபாய் அம்மையாரின் ஜீவிய சரித்திரம்



ஞாயிற்றுக்கிழமை ஆராதனை நேரத்தில் நம்ம சபை வாசலில் சில பிள்ளைகள் வந்து நிற்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஆண்டிபட்டி பஸ் ஸ்டாண்டிலும் சந்தையிலும் சுற்றுகிற பிள்ளைகள். எண்ணெய் காணாத தலை, பொத்தான் இல்லாத சட்டை, காலில் செருப்பு கிடையாது. பாட்டுச் சத்தம் கேட்டு வருகிறார்களோ, ஆராதனை முடிந்ததும் கொடுக்கிற டீக்கும் பன்னுக்கும் வருகிறார்களோ, நமக்குத் தெரியாது. நாம் கேட்டதும் இல்லை. உள்ளே கைகளை உயர்த்தி ஸ்தோத்திரம் செலுத்துகிறோம். ஆனால் ஒரு கண் வெளியே கழற்றிப்போட்ட செருப்பு மேலேதான் இருக்கிறது. உண்மைதானே? மனசாட்சியைத் தொட்டுப் பாருங்கள். இதை எழுதுகிறவனுக்கும் அதே கண்தான்.

இந்தப் பிள்ளைகள் ஊருக்குப் பாரம் என்று நாம் நினைக்கிறோம். இரக்கம் வந்தால் ஒரு பிஸ்கட் பாக்கெட், கோபம் வந்தால் ஒரு விரட்டு. அதற்கு மேலே யோசிப்பதில்லை. ஆனால் நம்ம இந்திய தேசத்திலேயே ஒரு சகோதரி, தெருவிலே கிடந்த இப்படிப்பட்ட பிள்ளைகளைக்கொண்டு ஒரு ஊரையே கட்டினார். கிணறு வெட்டி, தறி போட்டு, அச்சுக்கூடம் நடத்தி, வேதாகமத்தையே அச்சடித்த ஊர் அது. அந்தப் பிள்ளைகள் மேல்தான் 1905-ஆம் வருஷம் ஆவியானவர் இறங்கினார். அமெரிக்காவில் அசுசா தெரு எழுப்புதல் தொடங்கியது 1906-ல்தான் என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சகோதரிதான் பண்டித ரமாபாய் அம்மையார்.

ரோட்டிலே வளர்ந்த பிள்ளை

1858-ஆம் வருஷம் ஏப்ரல் 23-ஆம் தேதி, மேற்குத் தொடர்ச்சி மலைக் காட்டுக்குள்ளே ரமாபாய் பிறந்தார். நம்ம கம்பம் பள்ளத்தாக்குக்கு மேற்கே சுவர் மாதிரி நிற்கிறதே, அதே மலைத்தொடர்தான். வடக்கே, இன்றைய கர்நாடகாவில் கங்காமூலா என்கிற இடம். தகப்பனார் அனந்த சாஸ்திரி டோங்கரே பெரிய சமஸ்கிருத பண்டிதர். பெண்பிள்ளைகள் சமஸ்கிருதம் படிக்கலாகாது என்றிருந்த காலத்திலே அவர் தன் மனைவி லட்சுமிபாய்க்கு அதைக் கற்றுக்கொடுத்தார். எதிர்ப்பு கிளம்பியது. ஊரை விட்டுக் காட்டுக்குள்ளே வீடு கட்டிக் குடியேறினார். அந்தக் காட்டு வீட்டிலே பிறந்தவர்தான் ரமாபாய்.

குழந்தைக்கு ஆறு மாதம் ஆகும்போது அந்த வீட்டையும் விட்டுக் குடும்பம் கிளம்பிவிட்டது. கைக்குழந்தையைப் பிரம்புக் கூடையில் வைத்துத் தலையில் சுமந்துகொண்டு போனார்கள். அதற்குப் பிறகு அவர்களுக்கு நிலையான வீடு கிடையாது. கோவில் கோவிலாகப் போய்ப் புராணம் வாசிப்பது, கேட்கிறவர்கள் கொடுப்பதைச் சாப்பிடுவது, அடுத்த ஊருக்கு நடப்பது. பள்ளிக்கூடத்தை ரமாபாய் எட்டிப் பார்த்ததில்லை. விடியற்காலையில் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து சொல்லச்சொல்ல, பன்னிரண்டு வயதிலேயே பாகவத புராணத்தின் 18,000 சுலோகங்களும் அவருக்கு மனப்பாடம்.

பிரியமானவர்களே, வீடில்லாத பிள்ளை அறிவில்லாத பிள்ளை என்று யார் சொன்னது?

பஞ்சத்தின் நாட்கள்

1870-களின் நடுவில் சென்னை மாகாணத்தின் பல பக்கங்களிலே மழை பொய்த்தது. நம்ம முன்னோர்கள் தாது வருஷப் பஞ்சம் என்று சொல்லுகிற அந்தப் பெரும் பஞ்சம் 1876 முதல் 1878 வரை தென்னாட்டையே சூறையாடிற்று. மதுரை ஜில்லாவும் தப்பவில்லை. பிற்பாடு முல்லைப் பெரியாறு அணை கட்டி 1895-ல் நம்ம பள்ளத்தாக்குக்குத் தண்ணீர் திருப்பிவிடப்பட்டதற்குப் பின்னாலே இந்தப் பஞ்சத்தின் கண்ணீரும் இருக்கிறது. ஆகையால் ரமாபாய் அம்மையாரின் கதை எங்கோ வடநாட்டுக் கதை என்று தள்ளிவிடாதீர்கள். நம்ம பாட்டன் பூட்டன் பட்ட பாட்டையே அவரும் பட்டார்.

கையிலிருந்த பணம் தீர்ந்தது. பாத்திரங்களும் நகைகளும் விற்றுத் தீர்ந்தன. கூலி வேலைக்குப் போகக் குலப்பெருமை விடவில்லை, பிச்சை எடுக்க வெட்கம் விடவில்லை. காட்டிலே கிடைத்த பழங்களைக் கொட்டையோடும் தோலோடும் விழுங்கினார்கள். திருப்பதிக்குப் பக்கத்துக் காட்டுப்பகுதியிலே வயதான தகப்பனார் கண்ணை மூடினார். சில மாதங்களிலே தாயாரும் போனார். பிறகு அக்காவையும் காலரா கொண்டுபோனது. மிஞ்சினது ரமாபாயும் அண்ணன் சீனிவாசனும்தான். அப்போது ரமாபாய்க்குப் பதினாறு, பதினேழு வயது இருக்கும்.

அண்ணனும் தங்கையும் நாலாயிரம் மைலுக்கு மேலே கால்நடையாகவே தேசத்தைச் சுற்றினார்கள். வடக்கே ஜீலம் நதிக்கரையிலே குளிர் தாங்க முடியாமல், மணலிலே இரண்டு குழி தோண்டி, தலை மட்டும் வெளியே தெரிய உடம்பை மணலால் மூடிக்கொண்டு படுத்தார்கள். போர்த்திக்கொள்ளக் கம்பளி கிடையாது. பிற்காலத்தில் அதைப்பற்றி எழுதும்போது, கல்லறை மாதிரியான குழிகள் என்றே அம்மையார் குறிப்பிடுகிறார்.

நம்ம பஸ் ஸ்டாண்டிலே சாக்கை இழுத்து மூடிப் படுக்கிற பிள்ளைக்கும் இவருக்கும் என்ன வித்தியாசம்? ஒரு வித்தியாசமும் இல்லை. அந்தக் குழிக்குள்ளே படுத்திருந்த பெண்பிள்ளையைத் தேவன் பார்த்துக்கொண்டிருந்தார். ரோட்டிலே போனவர்கள்தான் பார்க்கவில்லை.

உயர்வும் உடைவும்

1878-ல் இருவரும் கல்கத்தா வந்து சேர்ந்தார்கள். அங்கேயுள்ள பண்டிதர்கள் இந்த இருபது வயதுப் பெண்ணைச் சோதித்துப் பார்த்து ஆச்சரியப்பட்டு, பண்டிதா என்றும் சரஸ்வதி என்றும் பட்டம் கொடுத்தார்கள். நேற்றுவரை மணலிலே படுத்தவருக்கு இன்றைக்கு மேடை! ஆனால் 1880-ல் அண்ணனும் இறந்துபோனார். அதே வருஷம் பிபின் பிகாரி மேதாவி என்கிற வங்காள வக்கீலை, குலவேற்றுமை பாராமல் ரமாபாய் கல்யாணம் செய்துகொண்டார். 1881-ல் மனோரமா என்கிற மகள் பிறந்தாள். 1882 பிப்ரவரியில் காலரா கணவரையும் வாரிக்கொண்டுபோனது. கல்யாணமாகி இரண்டு வருஷம்கூட நிறையவில்லை. 23 வயதிலே, கையிலே குழந்தையோடு விதவை.

அந்தக் காலத்திலே விதவை என்றால் என்னவென்று நம்ம பாட்டிமார்களைக் கேட்டுப் பாருங்கள். ஆனால் அம்மையார் மூலையிலே முடங்கவில்லை. புனேவுக்கு வந்து பெண்களுக்காக ஆரிய மகிளா சமாஜம் என்கிற சங்கத்தைத் தொடங்கினார். கல்வியைப்பற்றி விசாரிக்க வந்த ஹண்டர் கமிஷன் முன்பாக நின்று, பெண்களுக்குப் பெண் ஆசிரியைகளும் பெண் டாக்டர்களும் வேண்டும் என்று சாட்சியம் சொன்னார்.

1883-ல் வைத்தியம் படிக்கலாம் என்று இங்கிலாந்துக்குப் போனார். காது கேட்கும் சக்தி குறைந்ததால் அந்தப் படிப்பு நடக்கவில்லை. ஆனால் லண்டனிலே ஒரு இல்லத்தைப் பார்த்தார். ஊரார் தள்ளிவிட்ட பெண்களைக் கிறிஸ்தவ சகோதரிகள் கூடப்பிறந்தவர்களைப்போல நடத்தினார்கள். ஏன் இப்படிச் செய்கிறார்கள் என்று கேட்டபோது, சமாரியப் பெண்ணை இயேசு கிணற்றண்டையிலே சந்தித்த யோவான் 4-ஆம் அதிகாரத்தை வாசித்துக் காட்டினார்கள். தள்ளப்பட்டவளைத் தேடிவருகிற தேவனை ரமாபாய் அங்கேதான் கண்டார். 1883 செப்டம்பர் 29-ல் வாண்டேஜ் என்கிற ஊரிலே தாயும் மகளும் ஞானஸ்நானம் பெற்றார்கள்.

ஆனாலும் சபையாரே, ஒரு காரியத்தைக் கவனிக்கவேண்டும். ஞானஸ்நானம் எடுத்து எட்டு வருஷம் கழித்து, 1891-ல்தான் தனக்கு உண்மையான இரட்சிப்பின் சந்தோஷம் கிடைத்தது என்று அம்மையாரே சாட்சி எழுதியிருக்கிறார். அதுவரைக்கும் கிறிஸ்துவின் மார்க்கத்தைக் கண்டிருந்தேன், கிறிஸ்துவைக் கண்டடையவில்லை என்கிற கருத்திலே எழுதுகிறார். வருஷக்கணக்காய் சபைக்கு வருகிற நமக்கும் இது ஒரு கேள்விதான்.

சாரதா சதனம்

1886-ல் அமெரிக்கா போனார். சிறு பிள்ளைகளுக்கு விளையாட்டோடு கைவேலை வைத்துப் பாடம் சொல்லித்தருகிற முறையை அங்கே கற்றுக்கொண்டார். 1887-ல் இந்தியப் பெண்களின் நிலைமையைப்பற்றி ஒரு புத்தகம் எழுதினார். அதை வாசித்தவர்கள் உதவிக்கு ஒரு சங்கம் ஏற்படுத்தினார்கள். 1889 மார்ச் 11-ஆம் தேதி பம்பாயிலே சாரதா சதனம் என்கிற பள்ளியைத் தொடங்கினார். இளம் விதவைகளுக்கான வீடு அது. மறு வருஷம் புனேவுக்கு மாற்றினார்.

அங்கே யாரையும் மதம் மாற வற்புறுத்தவில்லை. ஆனால் அம்மையார் தன் அறையிலே ஜெபிக்கும்போது கதவைச் சாத்தவும் இல்லை. பிள்ளைகள் தாங்களாக வந்து உட்கார்ந்தார்கள். 1893-ல் இதைக் காரணம் காட்டி ஊரிலே பெரிய கூச்சல் எழும்பி, பல பெற்றோர் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். பத்திரிகைகள் திட்டித் தீர்த்தன. அம்மையார் அசையவில்லை.

அந்தப் பள்ளியில் படித்த கோதுபாய் என்கிற இளம் விதவை 1893-ல் பேராசிரியர் கார்வேயை மறுமணம் செய்துகொண்டார். அந்தக் கார்வேதான் பிற்பாடு விதவைகளுக்கு ஆசிரமமும், 1916-ல் இந்தியாவிலே முதல்முதலாகப் பெண்களுக்கென்று ஒரு பல்கலைக்கழகமும் ஏற்படுத்தினவர். ஒரு பெண்பிள்ளைக்குக் கொடுத்த கல்வி எங்கே போய் நிற்கிறது பாருங்கள்!

பதினைந்தும் பதினைந்தும்

பஞ்சம் வருவதற்குச் சற்று முன்னாலே லோனாவ்லாவில் நடந்த ஒரு ஜெபக்கூட்டத்துக்கு விசுவாசிகளான பதினைந்து பிள்ளைகளோடு அம்மையார் போயிருந்தார். அங்கே ஒரு காலைவேளையில், இந்தப் பதினைந்தைப் பதினைந்து மடங்காக்கிக் கொடும் ஆண்டவரே என்று ஜெபித்தார். கணக்குப் போட்டால் 225. அத்தனை பேரை வைக்க வீடும் கிடையாது, பணமும் கிடையாது. கேட்டவர்கள் சிரித்திருக்கலாம்.

1896-ல் மத்திய மாகாணத்திலே பஞ்சம் பிடித்தது. செய்தி கேட்டதும் அம்மையாருக்குப் பழைய நாட்கள் நினைவுக்கு வந்தன. திருப்பதிக் காடு, காட்டுப்பழக் கொட்டை, மணல் குழி எல்லாம் வந்தன. அந்த நினைவு அவரை வீட்டில் உட்காரவிடவில்லை. கிளம்பிப்போனார்.

அங்கே கண்டதை அவர் மறைக்காமல் எழுதியிருக்கிறார். எலும்பும் தோலுமான பிள்ளைகள் மரத்தடியிலும் ரோட்டோரத்திலும் கிடந்தார்கள். அரசாங்கம் நடத்தின கஞ்சித்தொட்டி முகாம்களிலேகூடப் பெண்பிள்ளைகளுக்குப் பாதுகாப்பு இல்லை. காவல் காக்கவேண்டியவர்களே கெடுத்தார்கள். ஒரு பிடி சோற்றைக் காட்டிப் பெண்பிள்ளைகளைக் கொண்டுபோய் விற்கிற கூட்டம் ரோடு ரோடாகத் திரிந்தது. அனாதைப் பிள்ளையைத் தேடிப் பிசாசு முதலில் வருகிறான், சபை கடைசியில் வருகிறது. அன்றைக்கும் அப்படித்தான், இன்றைக்கும் அப்படித்தான். நம்ம பஸ் ஸ்டாண்டிலே இரவு பத்து மணிக்கு ஒரு பிள்ளையிடம் அன்பாய்ப் பேசுகிற ஆள் யார் என்று நமக்குத் தெரியுமா?

அம்மையார் அந்தப் பிள்ளைகளைக் கூட்டம் கூட்டமாகப் புனேவுக்குக் கொண்டுவந்தார். அங்கே பிளேக் நோய் பரவியிருந்ததால் அதிகாரிகள் நகரத்துக்குள்ளே வைக்கக்கூடாது என்றார்கள். புனேவிலிருந்து சுமார் 34 மைல் தூரத்தில் கேட்காவ் என்கிற இடத்தில் முன்னமே வாங்கிப்போட்ட நிலம் இருந்தது. வெறும் பொட்டல், நடுவிலே கொஞ்சம் பழமரங்கள். அங்கே கூடாரமும் ஓலைக் கொட்டகையும் போட்டுப் பிள்ளைகளை இறக்கினார். வந்தவர்கள் சுமார் 300 பேர். 225 கேட்டார், கர்த்தர் தாராளமாகவே கொடுத்தார். அந்த இடத்துக்கு முக்தி என்று பெயர் வைத்தார். விடுதலை என்று அர்த்தம்.

1900-ஆம் வருஷம் குஜராத்திலே மறுபடியும் பஞ்சம். இன்னும் நூற்றுக்கணக்கான பிள்ளைகள் வந்தார்கள். முக்தியிலே இருந்தவர்கள் ஏறக்குறைய 1900 பேர்!

பொட்டல் ஊரானது

பஞ்சத்திலே வந்த பிள்ளைகள் தேவதூதர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். திருடினார்கள். பொய் சொன்னார்கள். கிடைத்த சோற்றை ஒளித்துவைத்தார்கள், ஏன்னா நாளைக்குக் கிடைக்கும் என்கிற நம்பிக்கை அவர்களுக்கு இல்லை. சில பிள்ளைகள் ஓடிப்போனார்கள். பஞ்சத்திலே உடைந்த உடம்பு தேறாமலே சில பிள்ளைகள் மரித்தும் போனார்கள். அந்த வேதனையெல்லாம் அம்மையாருக்கு இருந்தது.

அவர் என்ன செய்தார்? சாரதா சதனத்திலே படித்த பழைய மாணவிகளைப் புதுப் பிள்ளைகளுக்கு ஆசிரியைகளாகவும் அம்மாக்களாகவும் வைத்தார். நேற்று உதவி வாங்கினவள் இன்றைக்கு உதவி செய்கிறவளானாள். முக்தியின் இரகசியமே அதுதான். காலையிலே பாடம், மற்ற நேரத்திலே வேலை. நிலத்தை உழுது பயிரிட்டார்கள், கிணறுகள் வெட்டப்பட்டன. மாட்டுப் பண்ணை, எண்ணெய்ச் செக்கு, தறி, தையல், அச்சுக்கூடம், புத்தகம் கட்டுதல், நோயாளிகளைக் கவனித்தல் எல்லாம் நடந்தது. தங்களுக்கு வேண்டியதில் பெரும்பகுதியைப் பிள்ளைகள் தங்கள் கையாலேயே உண்டாக்கினார்கள். கண்தெரியாத பிள்ளைகளையும் தள்ளிவைக்கவில்லை. மகள் மனோரமா, விரலால் தடவி வாசிக்கிற பிரெயில் எழுத்தைக் கற்றுக்கொண்டு வந்து அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். ஏமாற்றிக் கெடுக்கப்பட்ட பெண்களுக்கென்று கிருபா சதனம் என்று தனி வீடு இருந்தது.

ஆண்டிபட்டிக்காரர்களுக்கு இதைச் சொன்னால் புரியும். நம்ம சக்கம்பட்டியிலும் டி. சுப்புலாபுரத்திலும் தறி எத்தனை குடும்பத்துக்குச் சோறு போட்டிருக்கிறது! கையிலே ஒரு தொழில் இருந்தால் எவன் முன்னாலும் கை ஏந்தவேண்டாம். அம்மையார் பிள்ளைகளுக்குச் சோறு மட்டும் போட்டிருந்தால் 1900 பிச்சைக்காரர்களை உண்டாக்கியிருப்பார். படிப்பும் தொழிலும் பொறுப்பும் கொடுத்ததால் ஆசிரியைகளும் நர்சுகளும் வேத ஸ்திரீகளும் நல்ல தாய்மார்களும் எழும்பினார்கள்.

அக்கினி இறங்கின நாள்

1904-ல் வேல்ஸ் தேசத்திலே எழுப்புதல் என்கிற செய்தி வந்தது. 1905 ஜனவரியில் அம்மையார், தினந்தோறும் கூடி எழுப்புதலுக்காக ஜெபிக்க யார் வருகிறீர்கள் என்று கேட்டார். 70 பேர் முன்வந்தார்கள். ஜூன் மாதத்திலே அது சுமார் 550 ஆகியிருந்தது. யார் இவர்கள்? எட்டு வருஷத்துக்கு முன்னே மரத்தடியிலே நாய்களோடு கிடந்த பிள்ளைகளும் இவர்களுக்குள்ளே இருந்தார்கள்!

ஜூன் 29-ஆம் தேதி அதிகாலையிலே ஒரு பிள்ளை மேல் ஆவியானவர் வல்லமையாய் இறங்கினார். அவளைச் சுற்றி நெருப்பு எரிகிறதென்று எண்ணி, கூட இருந்த பெண் தண்ணீர் வாளி எடுக்க ஓடினாள் என்று அங்கே இருந்தவர்கள் எழுதிவைத்திருக்கிறார்கள். மறுநாள் அம்மையார் யோவான் 8-ஆம் அதிகாரத்திலிருந்து அமைதியாய்ப் பேசிக்கொண்டிருக்கும்போதே பிள்ளைகள் எல்லாரும் ஒருமிக்கச் சத்தமிட்டு ஜெபிக்க ஆரம்பித்தார்கள். அவர் பேச்சை நிறுத்தவேண்டியதாயிற்று. பாவ அறிக்கை, கண்ணீர், நாட்கணக்காய் ஜெபம். தொடர்ந்து வந்த மாதங்களிலே சிலர் அந்நிய பாஷைகளிலே பேசினார்கள். அல்லேலூயா!

அம்மையார் இதை அணைக்கவில்லை. அதேசமயம் பாஷை பேசாதவர்களைத் தள்ளவும் இல்லை. அபிஷேகம் பெற்றவர்களிடத்திலே அன்பும் பரிசுத்தமும் ஊழியத்துக்கான வல்லமையும் இருக்கிறதா என்று பார்த்தார். இருந்தது! தெருவிலிருந்து வந்த பிள்ளைகள் ஜெபக்குழுக்களாகப் பிரிந்து, முறைவைத்துச் சுற்றுக் கிராமங்களுக்குச் சுவிசேஷத்தோடு போனார்கள்.

அங்கே ஊழியம் செய்த மினி ஆப்ராம்ஸ் என்கிற அமெரிக்க சகோதரி 1906-ல் இந்த எழுப்புதலைப்பற்றி ஒரு சிறு புத்தகம் எழுதினார். தென் அமெரிக்காவிலே சிலி தேசத்திலிருந்த தன் பழைய சிநேகிதிக்கு, ஊழியர் ஹூவரின் மனைவிக்கு, ஒரு பிரதி அனுப்பினார். அதை வாசித்து அங்கே ஜெபிக்கத் தொடங்கினார்கள். 1909-ல் வால்பரைசோ பட்டணத்திலே எழுப்புதல் உண்டாயிற்று. இன்றைக்கு சிலியில் உள்ள பெரிய பெந்தெகொஸ்தே சபைகள் அந்த வேரிலிருந்து வந்தவை. கேட்காவ் எங்கே, சிலி எங்கே! நடுவிலே இருந்தது பஞ்சத்துப் பிள்ளைகளின் ஜெபம்.

கடைசி வேலை

ஏழைப் பெண்களுக்கும் புரிகிற எளிய மராத்தியிலே வேதாகமம் வேண்டும் என்று அம்மையாருக்குப் பாரம் உண்டாயிற்று. சமஸ்கிருதக் கடலைக் குடித்தவர், கடினமான சொல்லையெல்லாம் ஒதுக்கிவிட்டுச் சமையற்கட்டுப் பாஷைக்கு இறங்கினார். எபிரெயுவும் கிரேக்கும் கற்று மொழிபெயர்த்தார். எழுத்துக்கோர்த்து அச்சடித்தது முக்திப் பிள்ளைகள். புதிய ஏற்பாடு 1913-ல் வந்தது.

1921 ஜூலையில் மகள் மனோரமா மரித்தார். தனக்குப்பின் ஊழியத்தைத் தாங்குவாள் என்று நம்பியிருந்த ஒரே மகள். அந்தத் துக்கத்திலும் அம்மையார் வேதாகம வேலையை விடவில்லை. திருத்தவேண்டிய கடைசித் தாள்கள்வரை திருத்திவிட்டே போனார் என்று சொல்லுவார்கள். 1922 ஏப்ரல் 5-ஆம் தேதி நித்திரையடைந்தார். முழு வேதாகமமும் 1924-ல் வெளிவந்தது. 1989-ல் இந்திய அரசாங்கம் அவருக்குத் தபால்தலை வெளியிட்டது. கேட்காவிலே முக்தி மிஷன் இன்றைக்கும் நடக்கிறது.

நம்ம வாசலில் நிற்கிற பிள்ளை

பிரியமான சகோதரனே, சகோதரியே, இந்தச் சரித்திரத்தை வாசித்துவிட்டு ஸ்தோத்திரம் சொல்லிப் பக்கத்தைத் திருப்பிவிடாதேயுங்கள். ஏசாயா 58-ஆம் அதிகாரத்தை இன்றைக்கு ராத்திரி குடும்ப ஜெபத்திலே வாசியுங்கள். வீடுகட்டுகிறவர்கள் ஆகாதென்று தள்ளின கல் என்ன ஆனது என்பதை 118-ஆம் சங்கீதத்திலே பாருங்கள்.

நாம் முக்தி மாதிரி ஒரு இல்லம் கட்டவேண்டும் என்று சொல்லவில்லை. இன்றைக்கு அதற்குச் சட்டம் இருக்கிறது. 2015-ஆம் வருஷத்து சிறார் நீதிச் சட்டத்தின்படி, பதிவு செய்யாமல் பிள்ளைகளை வைத்து இல்லம் நடத்துவது குற்றம். நல்ல எண்ணத்தோடு செய்தாலும் குற்றம்தான். ஆதரவில்லாத ஒரு பிள்ளையைக் கண்டால் 1098 என்கிற எண்ணுக்குப் போன் செய்யுங்கள், காசு கிடையாது. அல்லது போலீசுக்குச் சொல்லுங்கள். 24 மணி நேரத்துக்குள்ளே அந்தப் பிள்ளையை மாவட்டக் குழந்தைகள் நலக் குழுவின் முன் கொண்டுபோகவேண்டும். இது பிள்ளையைப் பாதுகாக்கிற சட்டம், பயப்படவேண்டாம்.

எல்லாப் பிள்ளைகளும் அனாதைகள் அல்ல. அப்பா குடியிலே, அம்மா கூலிக்குப் போய், கவனிப்பாரில்லாமல் ரோட்டிலே நிற்கிற பிள்ளைகளும் உண்டு. 6 வயதிலிருந்து 14 வயது வரைக்கும் இலவசப் படிப்பு பிள்ளையின் உரிமை என்று 2009-ஆம் வருஷத்துச் சட்டம் சொல்லுகிறது. வயதுச் சான்றிதழ் இல்லை என்று சொல்லிப் பள்ளியிலே சேர்க்காமல் இருக்கக்கூடாது. நம்ம சபையிலே வாத்தியார்கள் இருக்கிறார்கள், டீச்சரம்மாக்கள் இருக்கிறார்கள். அந்தத் தாயின் கூடப் பள்ளிக்கூடம்வரை நடக்க ஒரு ஆள் போதும். சாயங்காலம் ஒரு மணி நேரம் எழுத்துச் சொல்லித்தர ஒரு வாலிபன் போதும். தறியும் தையலும் தெரிந்த அக்காமார்கள், படிப்பு முடித்த வாலிபப் பிள்ளைக்குத் தொழில் சொல்லித்தரலாம். ஒரு பன்னைக் கொடுத்து அதற்குப் பதிலாக அவன் ஆத்துமாவைக் கேட்காதீர்கள். அம்மையார் செய்ததுபோலக் கதவைத் திறந்து வைத்து ஜெபியுங்கள். வருகிறவன் வருவான்.

அதற்கெல்லாம் முன்னாலே ஒன்று. வருகிற ஞாயிற்றுக்கிழமை அந்தப் பிள்ளைகள் வாசலில் வந்து நின்றால், எழுந்துபோய் அவர்கள் பெயரைக் கேளுங்கள். உள்ளே கூப்பிட்டு உங்கள் பக்கத்தில், பாயிலே உட்காரவையுங்கள். இத்தனை மாதம் நம்ம வாசலிலே நின்றும், அதில் ஒரு பிள்ளையின் பெயர்கூட இதை எழுதுகிறவனுக்குத் தெரியாது. அதற்காக ஆண்டவரிடத்தில் மன்னிப்புக் கேட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

செருப்பு தொலைந்தால் தொலையட்டும். எழுப்புதல் வேண்டும் என்று உபவாசம் போட்டுக் கேட்டுக்கொண்டிருக்கிறோம். கேட்காவிலே அது வந்தது தெருவிலிருந்து கூட்டிவந்த பிள்ளைகள் மேலே. ஆண்டிபட்டியிலே அந்தப் பிள்ளைகளை வெளியே நிறுத்திவிட்டு உள்ளே எழுப்புதலைக் கேட்கிறோமே, இது நியாயமா என்று ஒவ்வொருவரும் முழங்காலிலே நின்று யோசிப்போம். கர்த்தர் தாமே நம்ம கண்களைத் திறப்பாராக. ஆமென். மாரநாதா!